கடல் உள்வாங்கினால் பயப்பட வேண்டுமா? நிலா போடும் கணக்கும் பூமி கொடுக்கும் எச்சரிக்கையும்!

மண்ணும் விண்ணும் - வாரத் தொடர்

`திருச்செந்தூரில் திடீரென உள்வாங்கிய கடல்... பக்தர்கள் அச்சம்!'

இந்தத் தலைப்பை நீங்கள் எத்தனை முறை படித்திருப்பீர்கள்? அமாவாசை, பௌர்ணமி வந்தால் போதும். திருச்செந்தூரில் பாசி படிந்த பாறைகள் வெளியே தெரிகிற வீடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடும். அடுத்து, பாம்பனில் படகுகள் தரைதட்டி நிற்கும் படம் வரும். கன்னியாகுமரியில் நீர்மட்டம் தாழ்ந்ததால் விவேகானந்தர் மண்டபத்துக்குப் படகு இல்லை என்ற செய்தியும் கூடவே வரும். உடனே ஃபேமிலி குரூப்பில் பெரியம்மாவோ, சித்தப்பாவோ கேட்பார்கள்: ``மறுபடியும் சுனாமியா?''

இன்னொரு பக்கம், அதே கடற்கரையில் அந்தப் பாறைகளின் மேல் ஏறி நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள் சிலர்.

ஒரே காட்சியைப் பார்த்து ஒருவர் பயப்படுகிறார், இன்னொருவர் விளையாடுகிறார். இரண்டு பேரில் யார் சரி? பதில், `அன்று கடல் ஏன் உள்வாங்கியது' என்பதைப் பொறுத்தது. நிலாவால் உள்வாங்கியிருந்தால் பதறத் தேவையில்லை. பூமிக்கு அடியில் நடந்த ஏதோ ஒன்றால் உள்வாங்கியிருந்தால், அங்கே நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் உயிருக்கு ஆபத்து. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தேவையானது, பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்துவிட்டு மறந்துபோன அடிப்படைப் பாடம்தான். இந்த வாரம் அதைக் கொஞ்சம் தூசு தட்டிப் பார்க்கலாம்.

தினமும் நடக்கிற விஷயம்தான்!

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கடல் உள்வாங்குவது அபூர்வமான சம்பவம் இல்லை. ஒவ்வொரு நாளும் நடக்கிறது. நம் கடற்கரைகளில் நாளுக்கு இரண்டு முறை நீர்மட்டம் ஏறுகிறது, இரண்டு முறை இறங்குகிறது. இதற்குப் பெயர்தான் ஓதம். ஏறும்போது ஏற்றம், இறங்கும்போது வற்றம்.

இதற்குக் காரணம், சராசரியாக 3,84,400 கி.மீ தொலைவில் இருக்கும் நிலா. நிலாவின் ஈர்ப்பு விசை பூமியை இழுக்கிறது. ஆனால், எல்லா இடத்தையும் ஒரே அளவில் இழுப்பதில்லை. நிலாவைப் பார்த்து இருக்கும் பக்கம் அதற்குக் கொஞ்சம் கிட்டே இருப்பதால், அங்கே இழுப்பு அதிகம். நடுவில் அதைவிடக் குறைவு. மறுபக்கத்தில் இன்னும் குறைவு.

மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகக் கைகோர்த்து ஓடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருப்பவர் வேகமாக ஓடுகிறார். நடுவில் இருப்பவர் சுமாரான வேகம். கடைசி ஆள் மெதுவாக ஓடுகிறார். நடுவில் இருப்பவரின் பார்வையில் என்ன நடக்கும்? முன்னால் இருப்பவரும் தன்னைவிட்டு விலகிப் போவார், பின்னால் இருப்பவரும் விலகிப் போவார். பூமியிலும் இப்படித்தான். நிலாவைப் பார்த்த பக்கத்திலும், அதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலும் கடல் நீர் லேசாகப் புடைத்து நிற்கிறது. பூமி தன்னைத்தானே சுற்றும்போது நம் ஊர் இந்த இரண்டு புடைப்புகளையும் கடந்து போகிறது. அதனால்தான் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம்.

`சூரியன் இவ்வளவு பெரியதாச்சே, அதற்குப் பங்கு இல்லையா?' என்று வீட்டில் குழந்தைகள் கேட்கலாம். நல்ல கேள்வி. பூமியை மொத்தமாக இழுப்பதில் நிலாவைவிட சூரியனுக்குத்தான் பலம் அதிகம். ஆனால், ஓதத்துக்கு மொத்த இழுப்பு முக்கியமில்லை. இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் இடையே இழுப்பில் இருக்கும் வித்தியாசம்தான் முக்கியம். சூரியன் மிகமிகத் தொலைவில், சுமார் 15 கோடி கி.மீ தள்ளி இருக்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் பூமியின் இரண்டு பக்கங்களும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். அதனால் ஓதத்தில் சூரியனின் பங்கு, நிலாவின் பங்கில் பாதிகூட இல்லை.

அமாவாசை, பௌர்ணமியில் என்ன ஸ்பெஷல்?

அமாவாசை அன்றும் பௌர்ணமி அன்றும் சூரியன், பூமி, நிலா மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வருகின்றன. நிலாவின் இழுப்போடு சூரியனின் இழுப்பும் சேர்ந்துகொள்கிறது. விளைவு, ஏற்றத்தின்போது நீர்மட்டம் வழக்கத்தைவிட அதிகமாக ஏறும். வற்றத்தின்போது வழக்கத்தைவிட அதிகமாக இறங்கும். பாதி நிலா தெரியும் நாள்களில் இரண்டும் வெவ்வேறு திசையில் இழுப்பதால், ஏற்ற இறக்கம் குறைவாக இருக்கும்.

நிலா நம்மை வட்டமாகச் சுற்றுவதில்லை, கொஞ்சம் நீள்வட்டம். பூமிக்கு மிக அருகில் வரும் நேரமும் பௌர்ணமியோ, அமாவாசையோ ஒன்றாக அமைந்துவிட்டால், ஏற்ற இறக்கம் இன்னும் கொஞ்சம் கூடும். காற்றும் கரையிலிருந்து கடலை நோக்கி வீசினால், நீர் மேலும் கொஞ்சம் விலகும். இதெல்லாம் சேர்ந்து வரும் நாளில்தான் `திடீரென உள்வாங்கிய கடல்' செய்தியும் வருகிறது.

`அதற்காக நூறு அடியா உள்வாங்கும்?' என்று கேட்டால், அதற்கும் எளிய கணக்கு இருக்கிறது. சென்னைக் கடற்கரையில் அமாவாசை, பௌர்ணமி ஓதத்தின் ஏற்ற இறக்கமே சுமார் ஒரு மீட்டர்தான். குஜராத்தின் காம்பத் வளைகுடாவில் இது 10 மீட்டரைத் தாண்டும். கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் சுமார் 16 மீட்டர், அதாவது ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரம். அவற்றோடு ஒப்பிட்டால் நம்முடையது மிகக் குறைவு.

ஆனால், செய்தியில் சொல்லப்படும் நூறு அடி என்பது உயரம் இல்லை, தரையில் அளக்கும் தூரம். கடற்கரையின் சரிவு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும். 30 மீட்டர் தூரம் நடந்தால்தான் ஒரு மீட்டர் ஆழம் கிடைக்கும் என்ற அளவுக்குத் தட்டையான கரையில், நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினாலே கடல் 30 மீட்டர் விலகிவிடும். ஏறக்குறைய நூறு அடி!

வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். ஒரு டம்ளரிலும், லேசாகச் சாய்த்துவைத்த தாம்பாளத்திலும் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டிலிருந்தும் ஒரு ஸ்பூன் தண்ணீரை எடுங்கள். டம்ளரில் வித்தியாசமே தெரியாது. தாம்பாளத்தில் தண்ணீரின் விளிம்பு கண்ணுக்குத் தெரிந்தே பின்வாங்கும்.

கடிகாரம்தான் முக்கிய சாட்சி

நிலாவின் வேலையில் ஒரு நேர்மை உண்டு. அது நேரம் தவறாது, அவசரப்படவும் செய்யாது. ஏற்றத்திலிருந்து வற்றத்துக்குப் போக சுமார் 6 மணி நேரம் 12 நிமிடங்கள் ஆகும். ஒரு மீட்டர் இறங்க ஆறு மணி நேரம் என்றால், ஒரு நிமிடத்துக்கு மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. கரையில் நின்று வெறித்துப் பார்த்தாலும் அது நகர்வது தெரியாது. ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால்தான் `அட, கொஞ்சம் தள்ளிப் போயிருக்கே' என்று தோன்றும்.

இன்னொன்றும் கவனியுங்கள். பூமி ஒரு சுற்று முடிப்பதற்குள் நிலாவும் தன் பாதையில் கொஞ்சம் முன்னேறிவிடுகிறது. அதை மறுபடி எட்டிப்பிடிக்க பூமிக்கு இன்னும் 50 நிமிடங்கள் தேவை. அதனால்தான் நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. ஓதமும் அதே போலத் தள்ளிப்போகிறது. இன்று காலை 6 மணிக்கு வற்றம் என்றால், நாளை ஏறக்குறைய 6.50-க்கு. முன்கூட்டியே இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போட முடிகிற விஷயத்தை `திடீரென' என்று சொல்வது சரியில்லைதானே?

ஆக, நிலா செய்வதை நம்பலாம். பிரச்னை, கடலை நகர்த்துவது நிலா மட்டும் இல்லை என்பதுதான்.

2004 டிசம்பர் 26... அன்றும் பௌர்ணமி!

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி நாள். அதனாலேயே `நிலாதான் சுனாமியைக் கொண்டுவந்தது' என்று இன்றும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆண்டுக்கு சுமார் 25 அமாவாசை, பௌர்ணமிகள் வருகின்றன. அதற்குப் பிறகான 20 ஆண்டுகளில் கிட்டத்தட்ட 500. அவற்றில் ஒன்றில்கூட அப்படியொரு அலை தமிழகக் கரைக்கு வரவில்லை. அன்று நடந்தது, கடலுக்கு அடியில்.

பூமியின் மேலோடு ஒரே துண்டு இல்லை. பல தட்டுகளாக உடைந்து கிடக்கிறது. இந்தியாவைச் சுமக்கும் தட்டு, ஆண்டுக்கு சுமார் 5 செ.மீ வேகத்தில் நகர்கிறது. நம் நகம் வளரும் வேகத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். சுமத்ரா, அந்தமான் பக்கம் இந்தத் தட்டு பக்கத்துத் தட்டின் அடியில் நுழைகிறது. வழுக்கிக்கொண்டு போனால் பிரச்னை இல்லை. ஆனால், உராய்வில் சிக்கி நின்றுவிடுகிறது. அடியில் போகும் தட்டு மேல் தட்டையும் சேர்த்து வளைக்கிறது. நூற்றுக்கணக்கான ஆண்டுகள் அழுத்தம் சேர்ந்து, ஒருநாள் வளைத்த மூங்கில் விடுபடுவதுபோல `பட்'டென்று விடுபடுகிறது.

அன்று இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்கு அது விடுபட்டது. அளவில் 9-ஐத் தாண்டிய நிலநடுக்கம். 1,200 கி.மீ-க்கும் மேல் நீளத்துக்குக் கடலடித் தரை கிழிந்தது. ஒரு பக்கம் தரை மேலே எழும்ப, அதன் மேல் இருந்த கடல் நீர் மொத்தமும் தூக்கப்பட்டது.

சாதாரண அலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். ஒரு அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, மேலே ஊதிப் பாருங்கள். மேற்பரப்பு மட்டும் சிலுசிலுக்கும். காற்று எழுப்பும் அலை இது. அடுத்து, தண்ணீருக்குள் கைவிட்டு உள்ளங்கையை அடியிலிருந்து மேலே தள்ளிப் பாருங்கள். மொத்தத் தண்ணீரும் அசையும். சுனாமி இரண்டாவது வகை. மேலிருந்து அடிவரை முழுக் கடலும் நகர்கிறது.

4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் இந்த அலை மணிக்கு சுமார் 700 கி.மீ வேகத்தில் ஓடும். விமானத்தின் வேகம்! ஆனால், நடுக்கடலில் அதன் உயரம் ஒரு மீட்டர்கூட இருக்காது. மேலே படகில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கரையை நெருங்க நெருங்க ஆழம் குறைகிறது, வேகமும் குறைகிறது. முன்னால் போகும் நீர் தயங்க, பின்னால் வரும் நீர் அதன்மேல் ஏற, அலை உயர்ந்து எழுகிறது.

சுமத்ராவிலிருந்து தமிழகக் கரைக்கு அந்த அலை வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அதிகாலை நில அதிர்வைச் சென்னையிலேயே பலர் உணர்ந்திருந்தார்கள். மெரினாவில் வாக்கிங் போனவர்கள், கிரிக்கெட் ஆடிய பையன்கள், கிறிஸ்துமஸ் முடிந்து வேளாங்கண்ணிக்கு வந்திருந்த பக்தர்கள், கரையில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த மீனவர்கள்... யாரிடமும் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை அமைப்பே அப்போது இல்லை. தமிழகத்தில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். அதில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும். இலங்கையில் 30,000-க்கும் அதிகம்.

இரண்டு வாரம் முன்பு நடத்திய பாடம்

அதே நாள், தாய்லாந்தின் ஃபூகெட் தீவு. மாய் காவ் கடற்கரையில் அப்பா, அம்மா, தங்கையுடன் விடுமுறைக்கு வந்திருந்தாள் இங்கிலாந்தைச் சேர்ந்த 10 வயது டில்லி ஸ்மித். கடல் அன்று வித்தியாசமாக இருந்தது. அலை வந்து திரும்பிப் போகவில்லை. வந்துகொண்டே இருந்தது. நீரின் மேல் நுரை பொங்கிக் குமிழியிட்டது.

டில்லிக்கு அது எங்கேயோ பார்த்த காட்சி. இரண்டு வாரங்களுக்கு முன்பு அவளுடைய புவியியல் ஆசிரியர் ஆண்ட்ரூ கியர்னி வகுப்பில் சுனாமி பற்றிப் பாடம் நடத்தி, ஹவாய் தீவைத் தாக்கிய சுனாமியின் வீடியோவையும் போட்டுக் காட்டியிருந்தார். `சுனாமி வரப்போகுது' என்று அவள் கத்தினாள். அம்மாவுக்கு முதலில் நம்பிக்கை இல்லை. அவள் விடவில்லை. அப்பா போய் ஹோட்டல் காவலரிடம் சொல்ல, கடற்கரை காலிசெய்யப்பட்டது. சுமார் 100 பேர் தப்பினார்கள்.

நிலநடுக்கம் நடந்த இடத்துக்கு மிக அருகில் இருந்த சிமியுலு தீவின் கதை இன்னும் ஆச்சர்யம். அங்கே அலை வர பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எந்த சைரனும் இல்லை. ஆனால், சுமார் 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்தான். 1907-ம் ஆண்டு அங்கே ஒரு சுனாமி வந்து பெரும் அழிவை ஏற்படுத்தியது. அதிலிருந்து, `பூமி பலமாக ஆடினால், கடல் விலகினால், மலையைப் பார்த்து ஓடு' என்பதைப் பாட்டாகவும் கதையாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அந்த அலைக்கு அவர்கள் வைத்த பெயர், `ஸ்மாங்'. 97 ஆண்டுகள் கழித்து, பாட்டிகள் சொன்ன கதை ஊரையே காப்பாற்றியது.

ஒருத்திக்குக் கிடைத்தது வகுப்பறைப் பாடம். இன்னோர் ஊருக்குக் கிடைத்தது வீட்டுத் திண்ணைப் பாடம். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்தன.

பாதி பாடம் ஆபத்து

2004-க்குப் பிறகு `கடல் உள்வாங்கினால் சுனாமி' என்பது எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. இது பாதி உண்மைதான். மீதிப் பாதியும் தெரிந்திருக்க வேண்டும்.

அன்று பிளவின் மேற்குப் பக்கம் கடலடித் தரை உயர்ந்தது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால் கிழக்கே இருந்த தாய்லாந்தின் பல கடற்கரைகளில் முதலில் கடல் உள்வாங்கியது. துள்ளிய மீன்களைப் பார்க்க உள்ளே போனவர்கள் திரும்பவில்லை. மேற்கே இருந்த இந்தியாவுக்கும் இலங்கைக்கும் முதலில் வந்தது ஏறும் நீர். கடல் உள்வாங்கும் என்று காத்திருந்தால், காத்திருந்தபடியே மூழ்க வேண்டியதுதான்.

அடுத்து, சுனாமி ஒரே அலை இல்லை. சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரம் வரையான இடைவெளியில் அடுத்தடுத்து வரும். முதல் அலைதான் பெரியது என்று எந்த விதியும் இல்லை. இலங்கையின் பெரலிய கிராமத்தில் முதல் அலை வந்ததும் கொழும்பிலிருந்து வந்த ரயில் நின்றது. பாதுகாப்பு என்று நினைத்து ஊர்மக்களும் அதில் ஏறினார்கள். அடுத்து வந்த பெரிய அலை ரயிலையே புரட்டிப்போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த ஓர் இடத்தில் மட்டும் இறந்தார்கள். `தண்ணீர் வடிந்துவிட்டது, வீட்டில் என்ன ஆச்சு என்று பார்த்துவிட்டு வரலாம்' என்று திரும்பிப் போவதுதான் மிக ஆபத்தான முடிவு.

எல்லா நிலநடுக்கமும் சுனாமியைக் கிளப்பாது என்பதும் உண்மை. 2012 ஏப்ரல் 11-ம் தேதி அதே சுமத்ரா கடல் பகுதியில் 8.6 அளவில் நிலநடுக்கம். சென்னையில் அலுவலகங்களிலிருந்து மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். கடற்கரை காலிசெய்யப்பட்டது. ஆனால், பெரிய அலை வரவில்லை. காரணம், அன்று பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. தரை மேலே எழும்பவில்லை என்றால், கடல் நீரைத் தூக்கிவிட ஆள் இல்லை.

`அப்படியென்றால் அன்று ஓடியது வீண்தானே?' என்றால், இல்லை. எந்த வகை நிலநடுக்கம் என்பது கரையில் நிற்பவருக்கு அந்த நிமிடத்தில் தெரியாது. சுனாமி வராமல் போனால் நஷ்டம், ஒரு மணி நேர நடை மட்டும்தான்.

நிலாவும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை

கடலை நகர்த்தும் மூன்றாவது ஆள், காற்று. நம் பகுதியில் புயல் காற்று இடமிருந்து வலமாக அல்ல, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். கிழக்குக் கடற்கரையைப் புயல் கடக்கும்போது, அதன் வடக்குப் பக்கத்தில் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசி, நீரை ஊருக்குள் தள்ளும். தெற்குப் பக்கத்தில் கரையிலிருந்து கடலை நோக்கி வீசி, நீரை விலக்கும். 2017 செப்டம்பரில் இர்மா புயலின்போது அமெரிக்காவின் டாம்பா விரிகுடாவில் இப்படித்தான் தண்ணீர் வடிந்து தரை தெரிந்தது. மக்கள் அதில் நடந்துபோய் வேடிக்கை பார்த்தார்கள். புயல் நகர்ந்து காற்று திசை மாறியதும் விலகிய நீர் திரும்பி வரும் என்பதால், வேடிக்கை பார்க்க வேண்டாம் என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள்.

இன்னொன்று, `கள்ளக்கடல்'. கேரள மீனவர்கள் வைத்த பெயர். 2012-ல் யுனெஸ்கோவும் இதை அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் சூறாவளிக் காற்று எழுப்பும் நெட்டலைகள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து நம் கரைக்கு வருகின்றன. இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். கடல் மட்டும் திருடனைப்போலச் சத்தமில்லாமல் வந்து தாக்கும். 2024 மே 6-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தது, கள்ளக்கடல் எச்சரிக்கை விடப்பட்டிருந்த நாள்களில்தான். வானத்தைப் பார்த்து `நல்ல வெயில்தானே' என்று முடிவுசெய்ய முடியாது என்பதற்கு இதைவிட வேதனையான உதாரணம் தேவையில்லை.

கரையில் நிற்கும்போது எதைப் பார்ப்பது?

* வேகம்: கடல் மணிக்கணக்கில் மெதுவாக விலகினால் ஓதம். கண்ணெதிரே சில நிமிடங்களில் விலகினாலும், நிற்காமல் ஏறிக்கொண்டே வந்தாலும் அது நிலாவின் வேலை இல்லை. உடனே வெளியேறுங்கள்.

* அதிர்வு: கடற்கரையில் இருக்கும்போது நிலம் பலமாகவோ, நீண்ட நேரமோ ஆடினால், அதுவே எச்சரிக்கை. போனில் மெசேஜ் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

* சத்தம்: கடலிலிருந்து ரயில் வருவதுபோல இரைச்சல் கேட்டாலும் அதே முடிவுதான்.

* உயரம்: கடலுக்கு எதிர்த்திசையில், மேடான இடத்துக்குப் போங்கள். தூரம் போக நேரம் இல்லையென்றால், உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மேல்மாடி. ஆறு, முகத்துவாரம், கால்வாய் ஓரமாகப் போக வேண்டாம். அலை அவற்றின் வழியாக உள்ளே வரும்.

* பொறுமை: முதல் அலை போனதும் திரும்பாதீர்கள். அதிகாரிகள் சொல்லும்வரை, பல மணி நேரமானாலும் மேலேயே இருங்கள்.

* ஓதம்தான் என்று தெரிந்தாலும்: வெளியே தெரியும் பாறைகளில் பாசி வழுக்கும். திரும்பிவரும் நீர் நீங்கள் வந்த வழியை மறைத்துவிடும். குழந்தைகளைத் தனியாக விடாதீர்கள்.

இன்று நிலைமை 2004 போல இல்லை. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் எனப்படும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில், 2007 அக்டோபர் முதல் சுனாமி எச்சரிக்கை மையம் 24 மணி நேரமும் இயங்குகிறது. கள்ளக்கடல், உயர் அலை எச்சரிக்கைகளையும் இதே மையம்தான் தருகிறது. வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தால், ஃபார்வர்டு செய்வதற்கு முன் அங்கே எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்துக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

ஆனால், எந்த மையமும் கரையில் நிற்பவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாது. கடைசி சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டியது அங்கே இருப்பவர்தான். ஒடிசாவின் வெங்கட்ராய்பூர், நோலியாசாகி ஆகிய இரண்டு மீனவக் கிராமங்கள் ஒத்திகை பார்த்து, எந்த வழியாக ஓடுவது என்று முடிவுசெய்து வைத்திருந்ததால்தான், 2020-ல் `சுனாமிக்குத் தயாரான கிராமங்கள்' என்று யுனெஸ்கோவின் அங்கீகாரம் பெற்றன.

எங்கிருந்து தொடங்கலாம்?

பெரிய புத்தகம் எதுவும் தேவையில்லை. 9-ம் வகுப்பு சமூக அறிவியல் பாடநூலில் நிலக்கோளம், நீர்க்கோளம் பற்றிய பாடங்கள் இருக்கின்றன. இந்தக் கட்டுரையின் அடிப்படை அங்கேயே இருக்கிறது. தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மார்க்குக்காகப் படித்தபோது விட்டுப்போனதை, இப்போது நிதானமாகப் படிக்கலாம்.

கடலோரத்தில் இருப்பவர்கள் ஒரு வாரம் மட்டும், ஒரே இடத்தில் நீர் எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்கு நிற்கிறது என்று குறித்துவையுங்கள். மற்ற ஊர்க்காரர்கள் மொட்டைமாடியில் நின்று, நிலா உதிக்கும் நேரத்தைக் குறியுங்கள். ஏழாம் நாள் பார்த்தால், தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போவது உங்கள் கையெழுத்திலேயே தெரியும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் நோட்டு அவர்களிடம் இருக்கட்டும்.

அடுத்த முறை `கடல் உள்வாங்கியது' என்று ஃபேமிலி குரூப்பில் வீடியோ வரும்போது, `எவ்வளவு நேரத்தில் உள்வாங்கியது?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதற்றத்தைக் குறைக்கவும், தேவைப்பட்டால் உயிரைக் காக்கவும் அந்த ஒரு கேள்வி போதும். சென்னையிலோ, நாகையிலோ, உங்கள் ஊரிலோ அந்தக் கேள்வியை முதலில் கேட்கப்போவது பத்து வயதுக் குழந்தையாக இருந்தால், `சும்மா இரு' என்று சொல்லாமல் ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேளுங்கள்.